பென்சில் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் வெளி மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் இறுதியாண்டு படித்தபோது, சைவர்களும் பௌத்தர்களும் உரிமை கோருகிற நம் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி ஆய்வு செய்ய ஆசைப்பட்டாள். அங்கே கடை போட்டிருப்பவர்கள், அந்தியேட்டிச் சடங்கு செய்து இறந்தவருக்குக் கடன் கழிக்க வருகிறவர்கள், பஸ் பிடித்துக் குளிக்க வருகிற தெற்கத்தியர் என்று எல்லோரிடமும் போய், அந்த இடத்தை யாருடையதாக நினைக்கிறார்கள் என்று கேட்பதுதான் திட்டம். வினாக்கொத்தும் தயார். மேற்பார்வை விரிவுரையாளர் முழுவதையும் கவனமாக வாசித்தார். பிறகு தலைப்பின் மேல் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். "நல்ல தலைப்புத்தான் பிள்ளை. ஆனா வேண்டாம்." கடைசியில் பாடசாலை நூலகங்களைப் பற்றி எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினாள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. அந்தப் பயம் சும்மா வந்ததுமல்ல. யாழ்ப்பாண மருத்துவ பீட விரிவுரையாளர் ராஜினி திராணகமவை 1989 செப்டெம்பரில் சுட்டுக் கொன்றார்கள். நமது கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் இரவீந்திரநாத் 2006 டிசம்பரில் கொழும்பில் காணாமல் போனார். இதையெல்லாம் பார்த்த தலைமுறை, மாணவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பென்சிலை எடுக்கிறது.

அரசாங்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பவும் முடியாது. 2023இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விடுதலைப் புலிகளை விமர்சித்திருந்த ஒரு சட்டத்தரணியின் உரை, மாணவர்களின் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. அவர் சொன்ன கருத்து எனக்கும் முழுதாக உடன்பாடில்லை. அதற்காகவே அவரை மேடையில் ஏற்றி, முகத்துக்கு நேரே கேள்வி கேட்டிருக்க வேண்டும். அது நடக்காமல் போனது எனக்கு இன்றும் வேதனைதான்.

1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் கற்பித்தல், ஆய்வு, பரீட்சை மூன்றையும் பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவையின் (செனட்) கையில்தான் கொடுத்திருக்கிறது. சரி, அந்த அதிகாரத்தை மூதவைகள் பயன்படுத்தட்டும். ஒரு தலைப்பை மறுத்தால் கல்விசார் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், மாணவர் மேன்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். ஒரு மாணவரைப் பற்றியோ விரிவுரையாளரைப் பற்றியோ வெளியார் வந்து விசாரித்தால், அதைப் பதிவு செய்து உரியவருக்கும் தெரிவிக்க வேண்டும். இப்படி ஒரு விதி பின்னால் நின்றால், அந்த விரிவுரையாளர் போன்றவர்கள் தனியாகப் பயப்படத் தேவையில்லை.

கோணேசபுரியில் நமக்கென்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. காணி, கடற்றொழில், தொல்லியல் என்று இந்த மாவட்டத்தின் சிக்கல்களை அங்கே துணிந்து படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மகளின் வினாக்கொத்து நாற்பது பிரதிகள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. எந்த மாணவராவது கேட்டால் கொடுக்கத் தயார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.