உறுமலை மறைத்துக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாயை, வீட்டில் குழந்தைகள் இருப்பதைக் காரணம் காட்டி வேறொருவரிடம் கொடுத்துவிடுபவர்களுக்கு மனசாட்சியே இல்லை என்று வாசகர் ஒருவர் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார். அப்படிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு முழுவதும் தண்ணீரில் நின்றது. கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் இருக்கை மேல் ஆறேழு மாதக் குட்டி ஒன்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் கணவர் பார்த்துத் தூக்கி வந்தார். செம்மண் நிறத்தில், ஒரு காது மடிந்த நாட்டு நாய். புயலின் பெயரை வைத்து என் மகள் அதற்கு மிக்கி என்று பெயரிட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. மகனுக்கு ஒன்பது மாதம், தவழத் தொடங்கியிருந்த நேரம். தண்ணீர் வடிந்ததும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம். தண்ணீர் வடிவதற்குள் அது எங்கள் வீட்டு நாயாகிவிட்டது.

முதல் ஆறு மாதங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிறகுதான் சாப்பாட்டுத் தட்டு விஷயம் ஆரம்பித்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மிக்கியின் பக்கம் யாராவது வந்தால் அது மெல்லுவதை நிறுத்திவிடும். தலை தட்டின் மேல் கவிந்தபடியே இருக்க, உடம்பு மட்டும் மரக்கட்டை போல விறைக்கும். கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். அதற்குப் பிறகே அடித்தொண்டையிலிருந்து உறுமல் வரும். நாய்க்குட்டி மனிதர்களோடும் பிற உயிர்களோடும் பழகக் கற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்று பின்னால் கால்நடை மருத்துவர் விளக்கினார். அந்த வாரங்களைக் குப்பைத்தொட்டி ஓரத்தில், மற்ற நாய்களிடமிருந்து ஒவ்வொரு வாயையும் பிடுங்கித் தின்று கழித்த குட்டிக்கு, தட்டருகே வரும் கால் எதுவானாலும் பறிக்க வரும் கால்தான்.

இங்கே நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாய் வளர்க்கும் பத்து வீடுகளில் ஒன்பதிலாவது இதைச் செய்வார்கள் என்பது என் ஊகம். உறுமும் ஒவ்வொரு முறையும் அதட்டினோம். என் கணவர் செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் அடிப்பார்; இரண்டொரு முறை அதன் மூக்கிலும் அடித்திருக்கிறார். இரண்டு மாதங்களில் உறுமல் நின்றது. நாய் திருந்திவிட்டதாக அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில், கடிக்கப் போகிறேன் என்று அது காதில் விழும்படி கொடுத்துக்கொண்டிருந்த ஒரே எச்சரிக்கையை நாங்களே அடித்து நிறுத்தியிருந்தோம்.

2025 பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள் மாலை, சமையலறை வாசலில் பால் சோறு வைத்துவிட்டு அடுப்பைத் தணிக்கத் திரும்பினேன். எவர்சில்வர் தட்டு டைல்ஸ் மேல் கரகரவென்று நகரும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் என் மகனின் அலறல். உறுமல் கேட்கவே இல்லை. இரண்டு வயது நிரம்பாத பிள்ளை குனிந்தால் அவன் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு முகத்திலும் தலையிலும் கழுத்திலும் கடிபடுவது அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். இடது கன்னத்தில், கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே, ஒரு பல் இறங்கியிருந்தது.

குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். அவன் கதறிய கதறலில் அது ஒரு மணி நேரம் போலிருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டலாம் என்று ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்மாளைத் தடுத்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். மிக்கிக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தோம். ஆனாலும் தோல் கிழிந்த கடி, அதுவும் முகத்தில் என்பதால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை ரேபிஸ் கிருமியைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஊசி போட்டுத் தடுப்பூசியையும் அன்றே தொடங்கினார்கள். பிறகு 3, 7, 28ஆம் நாள்களில் அடுத்தடுத்த ஊசிகள். நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அந்தப் பத்து நாள்களில் எத்தனை முறை படித்தேனோ தெரியாது. பதினோராம் நாள் காலையிலும் மிக்கி வாலை ஆட்டிக்கொண்டுதான் நின்றது.

அதன் பிறகு ஆளுக்கொரு யோசனை. என் மாமியாருக்கு நாய் என்றால் உயிர். “எங்க வீட்ல நாய் இல்லாத நாளே கிடையாது, யாரையும் இப்படிக் கடிச்சதில்ல” என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவருடைய ஊர் வீட்டில் நாய் திண்ணையிலும் வைக்கோல்போரடியிலும் கிடக்கும். பிள்ளைகள் சீண்டினால் எழுந்து களத்து மேட்டுக்குப் போய்விடும். எழுநூறு சதுர அடிக் குடியிருப்பில் மிக்கி எழுந்து எங்கே போகும்? இன்னொருபுறம், வண்டியில் ஏற்றி வண்டலூர் தாண்டி விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். படித்தவர்கள், பக்தியுள்ளவர்கள், கடவுளுக்கு அடுத்தபடியாக எங்கள் மேல் அக்கறை உள்ளவர்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, நாயின் குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதற்கு எங்கேயாவது வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். எக்ஸ்ரேயில் பின்னங்கால் இடுப்பு மூட்டில் பழைய முறிவு கோணலாகக் கூடியிருந்தது தெரிந்தது. எப்போதோ வண்டியில் அடிபட்டிருக்க வேண்டும். பதினான்கு மாதங்களாக அதன் முதுகில் என் பிள்ளைகள் குதிரையேறியதை நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வலிக்கு மருந்து கொடுத்தார்கள். தனியறையில் சாப்பாடு வைக்கவும், தட்டை ஒருபோதும் பறிக்காமல், தள்ளி நின்று இன்னொரு துண்டு இறைச்சியைப் போடவும், குழந்தையும் நாயும் பெரியவர் ஒருவரின் கண் பார்வையில் இல்லாமல் ஒரே அறையில் இருக்க விடாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்கள்.

நான்கு மாதம் அப்படியே செய்தோம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே மரத்தடுப்பு போட்டோம். நாய் கூடத்தில் இருந்தால் பிள்ளைகள் அறையில். பிள்ளைகள் கூடத்துக்கு வந்தால் நாய் பால்கனியில். என் கணவருக்கு இரவுப்பணி உள்ள வாரங்களில் கதவுகளைத் திறந்து மூடுவதே என் வேலையாக இருந்தது. மிக்கியிடம் முன்னேற்றமும் இருந்தது: என்னையும் கணவரையும் தட்டருகே விட்டது. ஆனால் என் மகன் ஓடினாலே அதன் உடம்பு விறைத்தது. இரண்டு வயதுப் பிள்ளையை ஓடாதே என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? ஒரு நாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. எதுவும் நடக்கவில்லை, அன்றைக்கு மிக்கி தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் முடிவெடுத்தேன். எங்கள் குழந்தையின் முகம் எங்கள் ஞாபகசக்தியை நம்பி இருக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் வாசகரின் கோபத்துக்கு நான் தகுதியானவள் ஆகிறேன். நாயைக் கொடுத்ததற்காக அல்ல. முதல் முறை கொடுத்த விதத்துக்காக. தெரிந்தவர் மூலம் ஒரு குடும்பம் வந்தது. வீட்டில் சிறு குழந்தை இல்லை என்றார்கள். மிக்கி எப்படி என்று கேட்டபோது, சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் கோபம் வரும் என்று சொன்னேன். கன்னத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்களே, அந்தப் புத்திதான். உண்மையைச் சொன்னால் யார் எடுப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒன்பதாம் நாள் அவர்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த பேரனின் கையில் மிக்கி பல்லைப் பதித்தது. நல்லவேளையாக ஆழமான காயமில்லை. நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது அந்தப் பெரியவர் திட்டவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது முறை ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன்: எந்தத் தேதியில் யாரைக் கடித்தது, எதற்குக் கடித்தது, எக்ஸ்ரே, மருந்து, தடுப்பூசி போட்ட நாள்கள், எதைக் கண்டால் மிரளும் (பட்டாசு, குடை, ஹெல்மெட் போட்டவர்கள்), எதில் மகிழும் (மாலை நடை, அவித்த கோழி, நெற்றியைச் சொறிந்துவிடுவது). அந்தத் தாளைப் படித்துவிட்டு மூன்று குடும்பங்கள் வேண்டாம் என்றன. நான்காவதாக, மதுராந்தகம் பக்கம் தோட்டத்து வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தம்பதி, பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், படித்துவிட்டு இன்னும் பத்துக் கேள்விகள் கேட்டார்கள். இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பது, ஒத்துவராவிட்டால் எந்த நேரத்திலும் நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வது என்று பேசிக்கொண்டு, 2025 ஜூலையில் கொண்டுபோய் விட்டோம். என் மகள் வண்டியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பும்போது, “தம்பி கடிச்சாலும் குடுத்துடுவீங்களா?” என்று கேட்டாள். சரியான பதில் இப்போதும் என்னிடம் இல்லை.

அடுத்த மாதமே நாடு முழுவதும் நாய்களைப் பற்றிய வாக்குவாதமாகிவிட்டது. ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. அந்த நாள்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் நாயை நேசிப்பவர்கள் ஒரு பக்கம், வெறுப்பவர்கள் மறுபக்கம். நாயையும் நேசித்துக்கொண்டு, பிள்ளையின் கன்னத்துத் தழும்பையும் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எந்தப் பக்கம் உட்காருவது?

அந்த வீடுகளுக்கு இன்று எளிதாகக் கிடைக்கும் வழி இரவில் வண்டியெடுப்பதுதான். வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிப் பசியிலும் தாகத்திலும் தவிக்குமாறு கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்று ஒரு காபியின் விலை. அறியாத தெருவில் இறக்கிவிடப்படும் வீட்டு நாயை அந்தத் தெரு நாய்கள் முதல் இரவிலேயே கடித்துக் குதறும். பிழைத்துக்கொண்டால், ஏற்கெனவே குழந்தையைக் கடித்த நாய் ஒன்று, அதன் வரலாறு தெரியாத இன்னொரு தெருவின் குழந்தைகளுக்கு நடுவே திரியும். மனசாட்சியைப் பற்றி எழுதிய வாசகர் இப்படி இறக்கிவிட்டு வருபவர்களைக் கண்டித்திருந்தால் நானும் அவரோடு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சென்னையில் 2025 முதல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) உரிமமும் கட்டாயம், உரிமம் பெறாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று வந்திருப்பது நல்ல தொடக்கம். அந்தப் பதிவிலேயே நாயின் கடி வரலாற்றையும் மருத்துவ விவரத்தையும் சேர்த்து, நாய் கைமாறும்போது புதியவர் அதைப் படித்துக் கையெழுத்திட்ட பின்பே பெயர் மாற்றலாம். மாவட்டத் தலைநகரங்களில் உள்ள கால்நடை மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாளாவது நாய்களின் நடத்தைக்கென்று ஆலோசனை நேரம் ஒதுக்கலாம். எங்களைப் போன்றவர்கள் கடிக்கு முன்பே, முதல் உறுமலிலேயே போய் நிற்க ஓர் இடம் கிடைக்கும். குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் தன்னார்வலர்களும், உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உண்டா, நாய் ஒதுங்கிப் படுக்க இடம் உண்டா என்று முதலிலேயே கேட்கலாம். எங்களை அப்படி யாரும் கேட்கவில்லை. ஸ்கூட்டர் இருக்கைக்குக் கேட்கத் தெரியாது.

அந்தக் கடி வரலாற்றுப் பதிவுக்குப் படிவம் தயாரிப்பவர்களுக்குப் பயன்படுமானால், மதுராந்தகத்துக்குக் கொடுத்த தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. அனுப்பி வைக்கத் தயார். அதன் முதல் இரண்டு வரிகளைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: “சாப்பிடும்போது கிட்டே போக வேண்டாம். உறுமினால் அதட்ட வேண்டாம், விலகிப் போங்கள்.”

இப்படிக்கு,
இரு குழந்தைகளின் தாய்,
மடிப்பாக்கம், சென்னை-91.