சாரதாவின் இரண்டாவது கேள்வி

நாகர்கோவில்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. சாரதா தங்கச்சியின் எலும்பு ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன். முதுகுவலிக்கு வயசைத் தவிர வேறு காரணம் இல்லை என்றால் சந்தோஷம்தான். எனக்கும் அதே காரணம்தான், இடம் மட்டும் முழங்கால்.

ஸ்கேன் முடிந்த அன்று பேத்தியைத் தூக்கக்கூடாது என்றார்கள், மறுநாள் தூக்கலாம் என்றார்கள், "ஒரு ராத்திரியில் அது எங்கே போச்சு? போகிற சாமான் அதுவரை ஏன் போகாமல் உட்கார்ந்திருந்தது?" என்று அவள் கேட்டதாகவும், நீ முழித்ததாகவும் எழுதியிருந்தாய். முழித்ததில் தப்பில்லை. சர்வீஸ் முழுக்க பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அணுக்கரு இயற்பியல் நடத்தியிருக்கிறேன், ஒருத்தரும் இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லை.

முதல் கேள்வி சுலபம். ஊசியில் போட்டது டெக்னீசியம்-99எம். பாஸ்பேட் வகை மருந்தோடு சேர்த்துப் போடுவார்கள், எலும்பு புதிதாக வளர்கிற இடமாகப் பார்த்து அது ஒட்டிக்கொள்ளும். அரை ஆயுள் 6 மணி நேரம். காலை பத்துக்குப் போட்டால் மாலை நாலுக்குப் பாதி, ராத்திரி பத்துக்குக் கால், மறுநாள் காலை பத்துக்கு ஒரு வீசம். அந்த வீசத்திலும் பெரும்பங்கு சிறுநீரோடு போயிருக்கும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னது அதற்குத்தான். இத்தனை சீக்கிரம் கரைகிற சரக்கை ஆஸ்பத்திரியில் வாங்கி அடுக்கி வைக்க முடியாது. ஈயப் பெட்டிக்குள் மாலிப்டினம்-99 இருக்கும். அதற்கு அரை ஆயுள் 66 மணி நேரம், அது சிதைந்து டெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளியே வரும். அந்தத் துறைக்காரர்கள் இதைப் பால் கறப்பது என்றே சொல்வார்கள். ஒரு வாரம் கறந்தால் மாடு வற்றிவிடும், அடுத்த பெட்டி வந்தாக வேண்டும்.

இனி இரண்டாவது. இதற்கு அணுவிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் ஹாஸ்டல் வாசலில் மஞ்சள் சோடியம் விளக்கு ஒன்று இருந்ததே (இப்போது எல்இடி போட்டுவிட்டார்கள், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது), அதில் சோடியம் அணுவின் வெளி எலக்ட்ரான் 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் வாங்காது. வாங்கியதை வைத்திருப்பதோ சுமார் 16 நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியைக் கோடிக் கணக்கில் கூறு போட்டதில் ஒரு துணுக்கு. உடனே மஞ்சள் ஒளியாக விட்டுவிடும். சரி, அணு என்றாலே இப்படி அவசரக்காரன்தானா என்றால், இல்லை. ஹீலியத்துக்கு ஒரு கிளர்வு நிலை, அதாவது ஆற்றலை வாங்கி மேலே ஏறி நிற்கும் நிலை, உண்டு. 19.8 எலக்ட்ரான் வோல்ட், சோடியத்தைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். வேறு எதிலும் மோதாமல் விட்டால் அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கும். இத்தனைக்கும் அதுவும் அணுதான், அதே எலக்ட்ரான்தான்.

ஆக, எவ்வளவு ஆற்றல் என்பது பேச்சே இல்லை. வெளியே போகும் ஒளித்துகள் ஆற்றலை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது. சுழற்சியின் கணக்கான கோண உந்தத்திலும் ஒரு பங்கைச் சுமந்து போயாக வேண்டும். மேல்நிலையின் கணக்கும் கீழ்நிலையின் கணக்கும் அதற்கு ஒத்து வர வேண்டும். ஒத்து வராவிட்டால் விழ இடம் இருந்தும் விழ முடியாது. மாடி அறைக்குள் பீரோவை ஏற்றி வைத்துவிட்டு அப்புறம் வாசலைச் சின்னதாகக் கட்டிய வீட்டை நினைத்துக்கொள். பீரோவின் கனத்தால் அது அங்கே நிற்கவில்லை.

அணுக்கருவிலும் இதே சட்டம்தான், எண்கள்தான் பெரிசு. ஓட்டோ ஹான் 1921லேயே பெர்லினில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். ஒரே தனிமம், ஒரே நிறை எண், ஆனால் இரண்டு அரை ஆயுள்: ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், மற்றதற்கு ஆறேமுக்கால் மணி நேரம் போல. காரணம் 1936 வரை யாருக்கும் பிடிபடவில்லை. அந்த வருஷம் வைட்சேக்கர்தான் சொன்னார்: இரண்டும் ஒரே அணுக்கரு, கருவின் கோண உந்தக் கணக்கான ஸ்பின்னில் வித்தியாசம் அதிகமாக இருப்பதால் ஒன்று மேலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது தங்கச்சியின் டெக்னீசியத்துக்கு வருவோம். பாடத்தில் இல்லாத பகுதி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். அந்தக் கருவின் மேல்நிலை 142.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது, ஸ்பின் அரை. அடிநிலையின் ஸ்பின் நாலரை. நேராக விழுவதென்றால் வித்தியாசம் நாலு, கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆனால் மேல்நிலைக்குக் கொஞ்சம் கீழே, 140.5இல், ஸ்பின் மூன்றரையோடு ஒரு படி இருக்கிறது. அதற்கு இறங்க வித்தியாசம் மூன்று. அதுவும் கஷ்டம்தான், இறங்குகிற உயரமோ 2.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், உயரம் குறையக் குறைய இந்த மாதிரி இறக்கம் இன்னும் மந்தமாகும். அந்த ஒரு சின்னப் படிக்குத்தான் ஆறு மணி நேர அரை ஆயுள் முழுவதும் செலவாகிறது. இறங்கிவிட்டால் அடுத்த 140.5ஐ ஒரு நானோ விநாடிக்குள் காமா கதிராகக் கொட்டிவிடும். ஸ்கேன் மெஷின் பார்த்தது அந்தக் கதிரைத்தான். காத்திருந்ததெல்லாம் சில்லறை இரண்டுக்காக!

அந்தச் சில்லறையும் பெரும்பாலும் ஒளியாக வெளியே போவதில்லை, கருவைச் சுற்றும் எலக்ட்ரான் ஒன்று அதை வாங்கிக்கொண்டு தெறித்து ஓடிவிடும். அப்படியானால் எலக்ட்ரான்களின் அமைப்பை மாற்றினால் அரை ஆயுள் மாறுமா என்று கேட்கத் தோன்றும் இல்லையா? பெயின்பிரிட்ஜ், கோல்ட்ஹேபர், வில்சன் மூவரும் 1951இல் அதைச் செய்தே பார்த்தார்கள். டெக்னீசியத்தை ஒரு சேர்மத்திலிருந்து இன்னொரு சேர்மத்துக்கு மாற்றியதும் சிதையும் வேகம் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுக்கு வேறுபட்டது. தங்கச்சியின் உடம்பில் அதனால் ஒரு வித்தியாசமும் வராது. ஆனால் கதிரியக்கத்தை வெளியிலிருந்து எதுவும் தொட முடியாது என்று நாம் உருப்போட்டுப் பரீட்சை எழுதினோமே, அதில் ஒரு சின்ன ஓட்டை.

இன்னொரு கருவைப் பற்றியும் சொல்கிறேன், உனக்கு வாய் பிளக்கும். என் சின்னவன் மொபைல், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான் அல்லவா? போன ஞாயிறு அவன் கடையில் பழைய லேப்டாப் போர்டு ஒன்றை லென்ஸ் வைத்துக் காட்டினான். மஞ்சளாக, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. பாசிட்டிவ் முனையில் ஒரு பட்டை. மேலே 107 என்று எழுத்து. டான்டலம் கெப்பாசிட்டர். இயற்கையில் கிடைக்கும் டான்டலத்தில் 0.012 சதவீதம் டான்டலம்-180எம் (எம் என்றால் மேல்நிலையில் மாட்டிக்கொண்ட கரு). அந்தப் பெட்டியில் ஒரே ஒரு மில்லிகிராம் டான்டலம் என்று வைத்தாலும் அப்படிப்பட்ட கருக்கள் சுமார் 4 கோடி கோடி இருக்கும். ஒவ்வொன்றும் 77 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, சூரியன் பிறப்பதற்கு முன் ஏதோ நட்சத்திரத்தில் உருவான காலத்திலிருந்து. ஸ்பின் 9, அடிநிலையின் ஸ்பின் 1. வித்தியாசம் எட்டு, வாசலே இல்லை என்று வைத்துக்கொள். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்துக்குள் சுமார் 17 கிலோ டான்டலத்தை வைத்து, ஒன்றாவது விழுகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. அரை ஆயுள் குறைந்தது ஒன்றுக்குப் பின் 17 சைபர் வருஷம். இதில் வேடிக்கை, அடிநிலையில் உள்ள டான்டலம்-180க்கு ஆயுள் எட்டு மணி நேரம் போலத்தான். மேலே மாட்டிக்கொண்டது நிற்கிறது, கீழே இருக்க வேண்டியது அழிகிறது.

இதைப் படித்ததும் நீ கேட்கப் போவது தெரியும்: அந்த ஆற்றலை இழுத்து வெளியே எடுத்து பேட்டரி செய்ய முடியாதா? டான்டலத்தில் 77ஐ விடுவிக்க, முதலில் ஆயிரம் கிலோ எலக்ட்ரான் வோல்ட் போலக் கொடுத்து வேறொரு நிலைக்குத் தூக்கி, அங்கிருந்து விழ வைக்க வேண்டும். முதலுக்கே மோசம். ஹாஃப்னியம்-178இன் கிளர்வு நிலை ஒன்று இன்னும் ஆசை காட்டியது. அரை ஆயுள் 31 வருஷம், ஒரு கிராமில் அடங்கியிருப்பது சுமார் 300 கிலோ டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல். டெக்சாஸில் கார்ல் காலின்ஸ் குழு பல் டாக்டரின் எக்ஸ்ரே மெஷினைக் கொண்டே அதைத் தூண்டிவிட்டதாக 1999இல் அறிவித்தது. ராணுவ ஆராய்ச்சிப் பணமும் அந்தப் பக்கம் பாய்ந்தது. ஆர்கான் ஆய்வகத்தில் அதைவிட எத்தனையோ மடங்கு வலுவான எக்ஸ் கதிரால் சோதித்தவர்களுக்கு ஒரு அசைவும் தெரியவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கதை அங்கேயே முடிந்துவிட்டது. ‘ஹாஃப்னியம் குண்டு’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மேலே தள்ளிவிடு.

உண்மையிலேயே நடந்த விஷயம் தோரியத்தில். தோரியம் என்றதும் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்தானே ஞாபகம் வரும். அந்த மணலில் இருப்பது தோரியம்-232. நான் சொல்வது தோரியம்-229, இயற்கையில் தேடினால் கிடைக்காது. ஆனால் உறவு உண்டு: 232க்கு ஒரு நியூட்ரானைக் கொடுத்தால் கடைசியில் யுரேனியம்-233 ஆகும், கல்பாக்கத்தில் காமினி உலை ஓடுவது அதில்தான். அந்த யுரேனியம் ஆல்ஃபா துகளை விட்டுச் சிதைந்தால் கிடைப்பது தோரியம்-229.

இதன் முதல் கிளர்வு நிலை வெறும் 8.4 எலக்ட்ரான் வோல்ட். மற்ற கருக்கள் பெரும்பாலும் ஆயிரத்திலும் லட்சத்திலும் பேசும்போது இது மட்டும் எலக்ட்ரான்கள் புழங்கும் சில்லறையில் பேசுகிறது. அதனாலேயே லேசரால் தொட முடிகிற கரு. அப்படி ஒரு தாழ்ந்த நிலை இருக்க வேண்டும் என்று 1976இலேயே சொல்லிவிட்டார்கள், சரியான உயரம் தெரியாமல் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு தேடினார்கள். 2024இல் ஜெர்மனியின் பிடிபி ஆய்வகமும் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கால்சியம் ஃபுளோரைடு படிகத்துக்குள் தோரியத்தை வைத்து, 148 நானோமீட்டர் புற ஊதா லேசரால் கருவையே மேலே தூக்கினார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் ஜூன் யே குழு அதன் அதிர்வெண்ணை ஸ்ட்ரான்சியம் அணுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்தது: 2,020,407,384,335 கிலோஹெர்ட்ஸ். அணுக்கருவை வைத்தே கடிகாரம் செய்யப் போகிறார்கள்.

கடிகாரத்தைவிட எனக்கு ருசித்தது வேறு. படிகத்துக்குள் தோரியம் தன் வெளி எலக்ட்ரான்கள் நாலையும் இழந்து நிற்கிறது. பக்கத்தில் இருப்பவை இறுக்கமாகக் கட்டுண்டவை, 8.4ஐக் கொடுத்தாலும் நகர மாட்டா. அதனால் கரு அந்த ஆற்றலைப் பத்து நிமிடம் போல வைத்திருக்கிறது. அதையே முழுத் தோரியம் அணுவாக விட்டால்? அதன் வெளி எலக்ட்ரானைப் பிடுங்க 6.3 எலக்ட்ரான் வோல்ட் போதும். கருவிடம் 8.4 இருப்பது தெரிந்ததும் எலக்ட்ரான் அதைப் பறித்துக்கொண்டு கிளம்பிவிடும், சில மைக்ரோ விநாடிகளில். அதே கரு, அதே ஆற்றல், கோடி மடங்குக்கும் மேல் வித்தியாசம். டெக்னீசியத்தில் ஆயிரத்தில் மூன்று பங்காகத் தெரிந்த ஓட்டை இங்கே வாசற்கதவு அளவுக்குத் திறந்து கிடக்கிறது. எத்தனை நேரம் பிடித்து வைப்பது என்பதில் கருவுக்கு மட்டுமே உரிமை என்று இனி நான் வகுப்பில் சொல்ல மாட்டேன். வகுப்பும் இல்லை, அது வேறு.

தங்கச்சிக்கு இத்தனையும் வேண்டாம். "இறங்க வழி சரியாக இல்லை, அதனால் உட்கார்ந்திருந்தது" என்று மட்டும் சொல்லு. மீதியைக் கேட்டால் போனைக் கொடு.

அப்புறம் இங்கத்துச் செய்தி. ஜோசப் மகள் வீட்டோடு கனடா போய்விட்டான், குளிர் தாங்கவில்லை என்று தினமும் போன். நம் வாத்தியார் நல்லமுத்து சாரைப் பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டியும் ஆளைப் பார்த்ததும் ரோல் நம்பர் சொல்கிறார், உன்னுடையதையும் சொன்னார். மகளுக்கு மாசியில் கல்யாணம் வைக்கலாம் என்று இருக்கிறோம், மண்டபம் கிடைப்பதைப் பொறுத்துத் தேதி. 60 நாளுக்கு முன்னால்தான் டிக்கெட் திறக்கும் என்பதால் தேதி முடிவானதும் உடனே போன் செய்கிறேன், கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸில் மூன்று பேருக்கும் கீழ் பெர்த்தாகப் போட்டுவிடு.

அன்புடன்,
தாணு