படங்களையும் எங்களையும் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

மூடிக்கிடந்த நம் மருத்துவ மையம் மறுபடி திறந்துவிட்டது; உங்கள் வீடுகளில் பத்திரமாக இருந்த அதன் சுவர்ப் படங்களும் திரும்பி வருகின்றன. நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் மறுபடி போக மனமில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அந்த அக்காவுக்கு. மையத்தைத் துப்புரவு செய்கிறவர். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படங்களைத் திரும்பச் சுவரில் மாட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. கலைக்கூடங்களில் வழக்கமாகச் செய்வதுபோல, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி அளந்து மாட்டியாயிற்று. அக்கா துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, காலியாக நின்ற சக்கர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "இங்கேருந்து பாத்தா டியூப் லைட்தான் தெரியுது, படம் எங்க தெரியுது?" என்றார்.

நாங்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தோம். கண்ணாடி முழுக்க வெள்ளைக் கோடு. அதோடு அவர் விடவில்லை. புண்ணுக்குக் கட்டுப்போடும் அறைக்குப் போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்தார். தலைக்கு மேலே மாட்டியிருந்த ஆற்றங்கரைப் படத்தைக் கால்மாட்டுச் சுவருக்கு மாற்றச் சொன்னார். சர்க்கரைப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவரின் பார்வை அங்கேதானே போகும்!

படம் மாட்டினால் நோய் போய்விடுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. போகாதுதான். ஆனால் 1984-ல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வீரியமான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அந்த ஆய்வைப் பற்றி அக்காவிடம் யாரும் சொன்னதில்லை. படுத்திருப்பவரின் இடத்தில் தானே படுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம், படங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழைய புடவையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தவர்கள், இன்னொரு முறை துளைபோட வந்து கூலி வாங்க மறுத்த தச்சர், கண்ணாடிக்குப் பதிலாக வெளிச்சம் பட்டால் பளபளக்காத அக்ரிலிக் தகடு வாங்கித் தந்தவர், கிருமிநாசினி போட்டுச் சட்டங்களைத் துடைத்த மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி. ரத்த அழுத்தப் பரிசோதனையும், நைலான் இழையால் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் முகாமும், படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும் இந்த வருடத்திலும் நிற்காமல் நடந்தது உங்களால்தான். கணக்கெல்லாம் ஆண்டறிக்கையில் வரும்.

இனி எந்தப் படத்தையும் சக்கர நாற்காலியிலும் கட்டிலிலும் இருந்து பார்க்காமல் மாட்ட மாட்டோம். இடத்தை அக்காதான் முடிவு செய்வார், அவரும் சம்மதித்துவிட்டார். இன்னும் சிலர் வீட்டில் படங்கள் இருக்கின்றன. அவசரமில்லை, சௌகரியப்பட்டபோது கொண்டு வாருங்கள். குழந்தைகள் பிரிவின் சுவர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.