எங்கள் வாடகை வீடுகளைக் காத்துத் தந்தவர்களுக்கு

அண்டை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீடுகள் விலைக்கு வருகின்றன என்று தெரிந்த நாளில், யார் வாங்கினாலும் முதலில் ஏறப்போவது வாடகைதான் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்திருந்தது. இன்று அவை இப்பகுதி மக்களே நிர்வகிக்கும் அறக்கட்டளையின் பெயரில் பதிவாகியிருக்கின்றன. சொந்த வீடு கிடைத்துவிட்டது என்பதற்காக அல்ல, அச்சமின்றி வாடகைக்கே குடியிருக்க வழி பிறந்தது என்பதற்காகவே இந்த நன்றியைச் சொல்கிறோம்.

அறக்கட்டளையின் சாசனத்தை எழுதித் தந்த வழக்கறிஞர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1969-ஆம் ஆண்டு சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் முதலான கறுப்பின உரிமைப் போராளிகள் தொடங்கிய 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற நில அறக்கட்டளையின் வரலாற்றை எங்களுக்குச் சொன்னார். கிராம நிலங்களை ஊருக்கே பொதுவாக்க முனைந்த வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்திலிருந்தும் ஊக்கம் பெற்ற அம்முயற்சி, வறட்சியாலும் அரசுக் கடன் உரிய நேரத்தில் கிடைக்காததாலும் 1985-இல் தன் நிலம் முழுவதையும் இழந்தது. நிலத்தைப் பொதுவில் வைத்தால் மட்டும் போதாது, கடன் அதை விழுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தோம்.

ஆகவே, குறைந்த வட்டிக்கு நீண்ட காலத் தவணையில் கடன் தந்தவர்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். வாடகையின் பெரும்பகுதி கடன் தவணைக்கே போகிறது என்பதால், நீங்கள் அவசரப்படுத்தியிருந்தால் எங்கள் உறுதி எதற்கும் உதவியிருக்காது. தவணை, வரி, காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றோடு அவசரகாலச் சேமிப்பையும் வாடகைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும் என்று கணக்காளர் விடாப்பிடியாக நின்றார். அப்போது எங்களுக்கு மனத்தாங்கல்தான். ஆனால் அவர் சொன்னதே சரி, ஏனெனில் வாடகை குறைவு என்பதற்காக ஒழுகும் கூரையின் கீழ் யாரும் வாழ வேண்டியதில்லை.

நிர்வாகக் குழுவில் வாடகைதாரர்கள், சுற்றுவட்டாரத்தினர், பொதுநலன் காப்போர் ஆகிய மூன்று தரப்பினரும் சமமாக அமர்கிறார்கள். சொந்த வீட்டில் வாழும் நீங்கள், நிலத்தின் விலை ஏறினால் உங்களுக்கு ஆதாயம் என்றிருந்தும், எங்களுக்காக எத்தனையோ மாலைகளை அக்கூட்டங்களில் செலவிட்டீர்கள். அதை நாங்கள் மறக்கமாட்டோம்.

பதிவு முடியும்வரை காத்திருக்க இயலாமல் வீட்டைக் காலி செய்துபோன இரண்டு குடும்பங்களுக்கும் இம்மடல் உரியது. முதல் விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. இனிக் காலியாகும் முதல் இரண்டு வீடுகளையும் உங்களைக் கேட்ட பிறகே பிறருக்குத் தருவது என்று குழு தீர்மானித்திருக்கிறது.

நன்றியுடன்,
வாடகைதாரர்கள்