40,000 கி.மீ. எந்த ஊர்ச் சாலையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு வாகனப் பக்கத்தில், பிரேக் பேடு (மிதித்ததும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை அழுத்திப் பிடிப்பது) 40,000 கி.மீ. வரை தாங்கும், அதுவரை கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வடசென்னையில் எர்ணாவூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு 19 வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் வேனின் பேடு 14,000 கி.மீ. கூடத் தாங்கவில்லை. கார்த்திகை மழையில் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. மிதித்தேன். கர்ர்ரென்று இரும்போடு இரும்பு அரைபட்டது. லாரிக்கும் வேனுக்கும் நடுவே ஒரு முழம்தான். உள்ளே 11 பிள்ளைகள். மெக்கானிக் அண்ணன் கழற்றிக் காட்டினார்: பேடில் வெறும் தகடுதான் மிச்சம், டிஸ்க்கில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு. மூன்று வாரமாகவே கீச் கீச்சென்று சத்தம் வந்தது. மழைத்தண்ணீர் என்று விட்டுவிட்டேன். பழைய வேனில் நாலு சக்கரத்திலும் உருளைக்குள்ளே பிடிக்கும் டிரம் பிரேக், இதுதான் எனக்கு முதல் டிஸ்க் வண்டி. பேடு தேய்ந்தால் டிஸ்க்கில் உரசிக் கத்தவென்றே அதில் சின்ன இரும்பு நாக்கு வைத்திருக்கிறார்களாம்.

துறைமுக லாரிகளுக்குப் பின்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊர்ந்து பாருங்கள். மிதித்த கால் எடுக்க முடியாது. புறவழிச்சாலையில் ஓடும் வண்டிக்கும் இதற்கும் ஒரே கணக்கா? பேடின் தகட்டில் ஒட்டியிருக்கும் தேயும் பகுதியான லைனிங் 3 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும், கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும். பிரேக் ஆயில் மட்டம் இறங்கினால் பலர் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகிறார்கள். ஒழுகல் இல்லாமல் இறங்கினால் பேடு தேய்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் எழுதியிருக்கலாமே ஐயா. உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் வாகனப் பக்கத்தில் எப்போதும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். வடசென்னை வருவது வெள்ளத்துக்கும் விபத்துக்கும் மட்டும். சாலையோரம் இரவெல்லாம் நிற்கும் லாரிகளைப் பற்றி இரண்டு கடிதம் போட்டேன். சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம் பிரேக் கொஞ்ச நேரம் பிடிக்காது என்று இன்னொன்று. எதுவும் வரவில்லை. அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகைதான் எங்கள் வீட்டில்.

சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். புது பேடையும் தேய்ந்த பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிஜ அளவில் ஒரு படம் போடுங்கள். என் பழைய பேடைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். சொன்னால் அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன். படம் எடுத்ததும் திருப்பித் தந்துவிடுங்கள், வேனில் வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர்,
எர்ணாவூர்.