வார்ப்பும் வள்ளமும் கொண்டு வந்தவர்களுக்கு

தாமிரபரணி வெள்ளத்தில் எங்களுக்குக் கைகொடுத்த அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், பெயர்கூடச் சொல்லாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்ட தம்பிமாருக்கும் எங்கள் சபை மக்களின் அன்பு வணக்கம், ஸ்தோத்திரம்.

இந்த மடல் பிந்தித்தான் வருகிறது. வீட்டுக்குள் சேறு கிடக்கும்போது யாருக்கும் எழுத உட்கார மனசு வராது. இப்போது பொங்கலும் கழிந்துவிட்டது. இனியும் சொல்லாவிட்டால் நன்றாயிருக்காது.

நடந்தது உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியிருந்தது. எங்கள் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு வராது. மலையிலிருந்து வந்த தண்ணீரும் சேர்ந்துகொள்ள, ஆறு எது, வயல் எது, ரோடு எது என்று தெரியவில்லை. ஏரல் துண்டாகிப் போனது. குலை தள்ளி நின்ற வாழை அத்தனையும் சாய்ந்தது. போன் இல்லை, கரண்டு இல்லை. எங்கள் சபைக் கோயிலின் மொட்டைமாடியிலும் பள்ளிக்கூட மாடியிலும் குழந்தைகுட்டிகளோடு உட்கார்ந்திருந்தோம்.

முதலில் வந்தது கடற்கரைக்காரர்கள்தான். பைபர் வள்ளங்களை லாரியில் ஏற்றி, ரோடு முடிந்த இடத்தில் இறக்கி, எங்கள் தெருவுக்குள் ஓட்டி வந்தார்கள். கடலில் ஓட்டுகிறவருக்கு வாழைத்தோட்டத்துக்குள் ஓட்டுவது லேசான காரியமில்லை. வேலிக்கம்பியும் முறிந்த மரமும் தண்ணீருக்கடியில் கிடந்தன. மிஷினைத் தூக்கிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். நடக்க முடியாத எங்கள் பாட்டி ஒருத்தியை நாற்காலியோடு தூக்கி வைத்த தம்பி, "பயப்படாதீங்க பாட்டி, இது எங்க தினப்படி சோலிதான்" என்றான். பெட்ரோலுக்காவது ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னோம். கேட்கவேயில்லை. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற பேச்சு அன்று யார் வாயிலும் வரவில்லை.

அடுத்து, சோறாக்கும் பெரிய பாத்திரமான வார்ப்பைத் தந்த சபைகள். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் வருஷம் ஒரு தரம் கோயிலில் அசனம் நடக்கும். ஊரே சேர்ந்து ஆக்கி, ஊரே சேர்ந்து உண்ணும். அதற்கென்று ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற வார்ப்புகளும், துடுப்பு நீளத்துக்குக் கரண்டிகளும் ஒவ்வொரு சபையிலும் உண்டு. எங்களுடையவை வெள்ளத்தோடு போய்விட்டன. மேட்டுப்பகுதிச் சபைகள் தங்கள் வார்ப்புகளையும் விறகையும் அரிசியையும் டிராக்டரில் ஏற்றி அனுப்பின. கூடவே சமைக்கிற ஆட்களும் வந்தார்கள். அசனத்துக்கு வருஷா வருஷம் அடுப்படியில் நிற்கிற அதே ஆட்கள். எத்தனை படி அரிசிக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈர விறகு புகைந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே வடித்த அந்த முதல் சோறும் சாம்பாரும் போல நான் இதுவரை சாப்பிட்டதில்லை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு சிக்கிய பயணிகளுக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் இப்படித்தான் ஆக்கிப் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்த ஊர்க்காரர்களும் வெள்ளத்தில் இருந்தவர்கள்தான்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்குத் தனியாக நன்றி. எல்லோரும் சேலையும் போர்வையும் அனுப்பியபோது, பெண்பிள்ளைகளுக்கு உள்ளாடையும் நாப்கினும் வேண்டும் என்று யோசித்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்பியவர்கள் நீங்கள்தான்.

தூய்மைப் பணியாளர்களை இந்த மாதிரி மடல்களில் கடைசியில்தான் நினைப்பார்கள். அதனால் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, செத்த ஆட்டையும் கோழியையும் அப்புறப்படுத்தி, சாக்கடையைத் திறந்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஊரை மறுபடி ஊராக்கியது நீங்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. அதைத் தர வேண்டியவர்கள் தந்திருக்க வேண்டும். இதை நன்றி மடலில் எழுதக்கூடாது என்றார்கள். எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வந்தார் நாசரேத்துப் பக்கத்து எலக்ட்ரீசியன் ஒருவர். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் என்ற மிஷனரி காலத்தில் ஆரம்பித்த தொழிற்பள்ளியில் படித்தவர். பாடமும் ஜெபமும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாமல், உளியும் சுத்தியலும் பிள்ளைகள் கையில் கொடுத்த ஐயர் அவர். அந்த முதலீடு இத்தனை வருஷம் கழித்து எங்கள் வாசலில் வந்து நின்றது. கரண்டு வந்துவிட்டது, மெயினைப் போடலாம் என்று எல்லோரும் அவசரப்பட்டபோது, "யாரும் கை வைக்காதீங்க" என்று ஒரே சத்தம். வீடு வீடாக, ஒயரில் கசிவு உண்டா என்று சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்து, ஈரம் இறங்கிய லைனைக் கழற்றிவிட்டு, சரியான வீட்டுக் கதவில் மட்டும் சாக்பீஸால் ஒரு டிக் போட்டார். சில கதவுகளில் அது இன்னும் அழியாமல் இருக்கிறது. சேறு ஏறிய மோட்டார்களைத் தன் பட்டறைக்கே கொண்டுபோய், கம்பி விலை மட்டும் வாங்கிக்கொண்டு காயில் கட்டிக் கொடுத்தார்.

எங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். சொல்லத்தான் போகிறேன். ஆண்டவர் தனக்குச் செய்ததைக் கோயிலில் எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்ல எழும்பச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறவர். கடையும் போய், பற்று நோட்டும் கூழாகிப்போனது. கேட்டவர்களிடம், "நோட்டு நனைஞ்சா என்ன, வாங்கினது உங்களுக்குத் தெரியும்லா. அடுத்த வாழை வெட்டும்போது பாத்துக்கலாம்" என்றதோடு சரி. அந்த ஞாயிறு ஆராதனையில் யாரும் சாட்சி சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

பேனர் கட்டிய வேனில் வந்து, பிஸ்கட் பொட்டலத்தை நீட்டி, போட்டோவுக்குத் திரும்பச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கும் நன்றி. பிஸ்கட்டைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆனால் "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது எந்த வேலையைப் பற்றி என்று இனி எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால், அவர்கள் பிரசங்கத்தைச் சொல்ல மாட்டார்கள். மெகரையும் வார்ப்பையும்தான் சொல்வார்கள். பவுலே கூடாரம் தைத்துப் பிழைத்தவர்தானே.

கிறிஸ்துவை அறிக்கை செய்யாதவர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள். பள்ளிவாசலிலிருந்து தண்ணீர் கேன் ஏற்றிவந்த பாய்மாருக்கும், அம்மன் கோயில் மண்டபத்தை எங்கள் முதியவர்களுக்குத் திறந்துவிட்ட தர்மகர்த்தா ஐயாவுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

பவனிக்கும் ஸ்டாருக்கும் ஒதுக்கியிருந்த கிறிஸ்துமஸ் பணம் முழுவதும் பாய், அடுப்பு, பாடப்புத்தகம் வாங்கவே போனது. கணக்கைக் கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். அனுப்பியவர்கள் வந்து பார்க்கலாம்.

இன்னொன்று. வார்ப்புகளைத் திருப்பி அனுப்பியாயிற்று. பெயர் வெட்டாத பெரிய கரண்டி இரண்டும், பித்தளை அண்டா ஒன்றும் எந்தச் சபையுடையது என்று தெரியாமல் எங்களிடம் இருக்கின்றன. அண்டாவின் காது ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அசனத்தன்று வந்தால் இன்னும் நல்லது.

கிறிஸ்துவின் அன்பில்,
சபை மக்கள் சார்பில்,
சபைச் செயலர்