எரிகுடத்தை யார் எடுத்துப் போனது?

சிவமயம்

அன்பு மகள் மெய்யம்மைக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் ஆத்தாவுக்கு முட்டிவலி தேவலை. நீ அனுப்பிய கதையைப் போனில் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. காரைக்குடிக்குக் கொண்டுபோய்ப் பிரிண்ட் எடுத்தேன். 214 பக்கம். கடைப் பையன், "ஏதும் சொத்து வழக்கா ஐயா?" என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. வளவு முற்றத்தில் உட்கார்ந்து நாலு நாளில் படித்து முடித்தேன்.

கதை நன்றாக வந்திருக்கிறது. பறக்கும் யானையைக்கூட நம்பிவிட்டேன். ஒன்பதாவது அத்தியாயத்தைத்தான் நம்ப முடியவில்லை. எட்டாவதில் மலைநாட்டார் எரிகுடம் என்ற ஆயுதத்தைச் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். ஒன்பதாவதில் கடலோர ராஜ்ஜியத்துப் படையில் ஆளுக்கொரு எரிகுடம் இருக்கிறது. இடையில் எட்டே நாள். யார் கொண்டுபோய்க் கொடுத்தது, ஆத்தா?

நம் டைல்ஸ் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பத்து மாதிரி டைல்ஸ் கல் வாங்கிப் போனார். அதே பூவுக்கு அச்சு அடித்தார், கல்லை வார்க்கிற அதே கண்ணாடி வாங்கினார், சிமெண்டும் கலரும் அப்படியே. கல் மட்டும் வரவில்லை. கலரை ஊற்றிவிட்டு அச்சைத் தூக்குகிற இடம் இருக்கிறதே, அதில்தான் எல்லாம். கலவை தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும். அச்சு நேர்குத்தாக மேலே வர வேண்டும். மணிக்கட்டு ஒரு நூல் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிடும். மூன்று மாதம் பார்த்துவிட்டு, நம்மிடம் பதினாறு வருஷம் இருந்த ஆளை இரண்டு மடங்கு கூலி பேசி அழைத்துக்கொண்டார். அடுத்த மாதம் அவருக்குக் கல் வந்துவிட்டது. எனக்கு ஒரு வருஷம் கோபம் இருந்தது. பிறகு, நான் அந்த ஆளுக்குக் கூலி ஏற்றாமல் இருந்ததையும் யோசித்தேன். சரி, அது வேறு கதை.

ஜப்பானிலும் இதுதான் நடந்தது. 1543இல் தனெகஷிமா என்ற தீவில் போர்ச்சுக்கீசியர் கரை இறங்கினார்கள். தீவின் தலைவன் அவர்களிடம் இரண்டு துப்பாக்கி வாங்கி, அதைப் போலவே செய் என்று தன் கொல்லனிடம் கொடுத்தான். கொல்லன் லேசுப்பட்டவன் இல்லை, வாள் அடிக்கிற பரம்பரை. குழலை அடித்துவிட்டான். குழலின் பின்வாயை அடைக்கிற திருகில்தான் மாட்டிக்கொண்டான். திருகுக்குச் சுற்று வரி, அதாவது மரை, வெட்டுகிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. மறுவருஷம் வந்த கப்பலில் ஒரு கொல்லன் இருந்தான், அவன் செய்து காட்டிய பிறகுதான் வேலை முடிந்தது என்று அவர்களுடைய பழைய குறிப்பு சொல்கிறது. துப்பாக்கி கையில் இருந்தும் ஒரு மரைக்காக ஒரு வருஷம் காத்திருந்தார்கள்.

வித்தையைச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதும் ஒரு வியாபாரம். பாண்டிய நாட்டுக்கு அரபுக் கடல் வழியாகக் குதிரை வந்தது உனக்குத் தெரியும். இங்கே குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லை, அதனால் வந்ததெல்லாம் செத்துப்போகின்றன என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வணிகர்கள் லாடம் அடிக்கிற ஆளைத் தாங்களும் அழைத்து வருவதில்லை, மற்றவர் வந்தாலும் விடுவதில்லையாம். செத்தால்தானே அடுத்த வருஷம் புதுக் குதிரை விற்கலாம்! எவ்வளவு தூரம் உண்மையோ, வட்டிக்கடைக்காரன் பேரனாகிய எனக்கு அந்தக் கணக்கு சட்டென்று புரிந்தது. உன் கடலோர ராஜாவுக்கு எரிகுடத்தை விற்கிறவன், அதற்குத் திரி முறுக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுப்பானா?

இன்னொன்று நம் சீமையிலேயே இருக்கிறது. சின்ன மருதுதான் தனக்கு முதலில் ஈட்டி எறியவும் வளரி என்ற வளைதடியை வீசவும் சொல்லிக் கொடுத்தார் என்று கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதிகாரி கர்னல் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகம் 1830இல் வந்தது. அவர்கள் பழகியது 1795 வாக்கில். 1801இல் அதே வெல்ஷ், மருதிருவரை வேட்டையாடிய கும்பினிப் படையில் இருந்தார். அக்டோபர் 24ஆம் தேதி நம் பக்கத்துத் திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். ஆசிரியர் மேலேயே மாணவன் படையோடு வருவதை எழுத உனக்குக் கை துறுதுறுக்கும், எழுது. ஆனால் ஒன்றைக் கவனி. வித்தை கைமாறியும் கும்பினிப் படை வளரிக்கு மாறவில்லை. வளரிக்குச் சிறு வயதிலேயே கை பழக வேண்டும். துப்பாக்கிக்குக் கொஞ்ச நாள் கவாத்துப் பயிற்சி போதும். அதிகம் கொல்வது எது என்பதைவிட, சீக்கிரம் சொல்லிக் கொடுக்க முடிவது எது என்பதற்குத்தான் ஆயுதம் ஊர் ஊராகப் பரவியதில் பெரிய பங்கு என்று நினைக்கிறேன்.

டச்சுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வரிசை வரிசையாக மாறி மாறிச் சுடும் முறையை 1594இல் ஒரு பிரபு தன் உறவினனுக்குக் கடிதத்தில் எழுதினார். யோசனை ரோமாபுரிக் காலத்துப் பழைய ஏட்டிலிருந்து வந்தது. 1607இல் துப்பாக்கியைத் தூக்குவது, மருந்து போடுவது, சுடுவது என்று ஒவ்வோர் அசைவையும் தனித்தனிப் படமாக வரைந்து புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். எழுத்துத் தெரியாத ஆளுக்கும் படத்தைக் காட்டிப் பழக்கலாம். அந்த அளவுக்குப் பிய்த்துப் போட்டால்தான் ஏட்டின் வழியாக வித்தை போகும்.

'திப்புவின் ராக்கெட்டைப் பார்த்து இங்கிலீஷ்காரன் செய்யவில்லையா அப்பச்சி?' என்பாய். செய்தான். 1780இல் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் அந்த ராக்கெட்டால் அடிபட்டார்கள், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு மாதிரிகளை எடுத்துப் போனார்கள், தாங்கள் செய்த ராக்கெட்டையும் வைத்து டென்மார்க்கின் கோபன்ஹேகனைக் கொளுத்தியது 1807இல். பட்டறை, இரும்பு, கூலியாள் எல்லாம் தயாராக இருந்தவனுக்கே இத்தனை வருஷம். உன் கடலோரத்தாருக்கு எட்டு நாளா?

ஒன்பதாவது அத்தியாயத்தைக் கிழிக்க வேண்டாம், தள்ளிப் போடு. முதல் அத்தியாயத்தில் ஒரு குதிரை வைத்தியன் வருகிறான், மலைநாட்டாரிடம் மூன்று வருஷமாகச் சம்பளப் பாக்கி. அவனை அப்புறம் மறந்தே போய்விட்டாய். அவன் கடலோரத்துக்குப் போகட்டும். பாதிதான் தெரிந்திருக்கட்டும். முதல் எரிகுடம் அவன் கையிலேயே வெடிக்கட்டும். எவ்வளவு பாக்கி என்பதையும் எழுது, வாசகர் கேட்பார்கள்.

மனகோலம் ஒரு டப்பா, சீப்புச் சீடை ஒரு டப்பா பார்சலில் வருகிறது. நடுவில் உன் 214 பக்கமும் இருக்கிறது. நீல மையில் இருப்பது நான் எழுதியது. 140ஆம் பக்கத்தில் பென்சிலால், 'இந்த ராணிக்கு ஏன் யாரும் சாப்பாடு போடவில்லை' என்று எழுதியிருப்பது உன் ஆத்தா.

இப்படிக்கு,
அப்பச்சி